சொல்லிக் குடுத்த பதில்கள்

மருமகள்: மெதுவாப் பேசுங்க அத்தை... வாட்ச்மேன் நம்மளையே பார்க்கிறார்.

மாமியார்: பார்க்கட்டும். அதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம். நீ சொல்லு. உள்ள போனே, உட்கார்ந்தே... அப்புறம்?

மருமகள்: உட்காரவே விடலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபீசர், இந்தப் பக்கம் நான். நிக்க வச்சே கேட்டாங்க.

மாமியார்: இவ்வளவு நேரமும் நின்னுட்டா இருந்தே? சரி, விசா இல்லைன்னுட்டானா?

மருமகள்: இல்லைன்னு சொல்லலை...

மாமியார்: குடுக்கறேன்னு?

மருமகள்: அதுவும் சொல்லலை.

மாமியார்: இதென்னடி, மதில்மேல் பூனை மாதிரி... ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

மருமகள்: மூணு மணிக்குத் திரும்ப வரணுமாம். வேற ஒரு ஆபீசர் கேப்பாராம்.

மாமியார்: மறுபடியுமா? ஏன், இவன் கேட்டது போதலையாமா?

மருமகள்: நான் சொன்ன பதிலும் அவர் சொன்ன பதிலும் ஒத்துப் போகலையாம்.

மாமியார்: எவர்?

மருமகள்: உங்க பிள்ளைதான். கேட்டு முடிச்சதும் என்னைப் பெஞ்சுல உட்காரச் சொல்லிட்டு, அவருக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டிருக்காங்க.

மாமியார்: அட... அப்படியெல்லாம் கூடப் பண்ணுவாங்களா?

மருமகள்: பண்ணியிருக்காங்களே. ஒண்ணுகூடச் சரியா இல்லையாம். நீங்க நிஜமாவே புருஷன் பொண்டாட்டியா, இல்லை விசாவுக்காகக் கையெழுத்துப் போட்டுக்கிட்டவங்களான்னு கேட்டுட்டார் அத்தை. எனக்கு உடம்பே கூசிப் போச்சு.

மாமியார்: அவன் வாய்ல புண்ணு வர! ஊரையே கூட்டிக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன். போட்டோவைத் தூக்கி மூஞ்சியில காட்ட வேண்டியதுதானே?

மருமகள்: காட்டினேன். போட்டோ யார் வேணா எடுத்துக்கலாம்னார். கல்யாணமாகி ரெண்டு வருஷம், அதுல சேர்ந்து இருந்தது மூணே வாரம், மீதி நாளெல்லாம் யாரோட குடும்பம் நடத்தினேன்னார்.

மாமியார்: நீ என்ன சொன்னே?

மருமகள்: மாமியாரோடன்னேன். சிரிக்காம எழுதிக்கிட்டார்.

மாமியார்: எழுதிக்கிட்டானா... எழுதட்டும், எழுதட்டும். உள்ளதைத்தானே சொன்னே.

மருமகள்: ஏன் அத்தை அதுக்குப் போய் முகம் இப்படி மலருது உங்களுக்கு?

மாமியார்: போடி. வெயில்ல கண்ணு கூசுது. இந்தா, பன்னைத் தின்னு. காலையிலேர்ந்து வயித்துல ஒண்ணும் இல்லை.

மருமகள்: இறங்க மாட்டேங்குது. மூணு மணிக்கும் சொதப்பினா இன்னும் ஒரு வருஷத்துக்கு மனுவே போட முடியாதாம்.

மாமியார்: ஒரு வருஷம்தானே? கண்ணை மூடித் திறந்தா ஓடிப் போயிடும். குடியா முழுகிடப் போவுது? வா, பேசாம வீட்டைப் பார்க்கப் போகலாம்.

மருமகள்: என்னது? மூணு மணிக்குப் போகாமலேவா?

மாமியார்: இல்லை... அவனுங்க மூஞ்சியில முழிக்கணுமான்னு... ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ ஏன் காலை ஆட்டிக்கிட்டே இருக்கே? பெஞ்சே ஆடுது.

மருமகள்: நீங்க மட்டும்? அந்தப் பை வாரை முறுக்கி முறுக்கிப் பிச்சே எடுத்துட்டீங்க.

மாமியார்: பிஞ்சா தச்சுக்கறேன். மிஷின் வச்சிருக்கிறது எதுக்கு? சரி, அப்படி என்னதான் கேட்டான்?

மருமகள்: நீங்க பத்து நாளா சொல்லிக் குடுத்தீங்களே... அதேதான். காலையில எழுந்ததும் என்ன குடிப்பார்னு கேட்டாங்க. பாலுன்னேன்.

மாமியார்: சரி.

மருமகள்: ராத்திரி எப்படித் தூங்குவார்னு கேட்டாங்க. விளக்கு எரிஞ்சாத்தான் தூக்கம் வரும்னேன். சமைப்பாரான்னாங்க. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுன்னேன். எதுக்குப் பயப்படுவார்னாங்க. நாய்க்குன்னேன்.

மாமியார்: சரியாத்தானே சொல்லியிருக்கே!

மருமகள்: எல்லாமே தப்பாம்.

மாமியார்: பெத்தவ நான் சொல்றேன், சரிங்கறேன்! அந்த ஆபீசர் என்ன எம் பிள்ளையை இடுப்புல தூக்கி வச்சு வளர்த்தானா?

மருமகள்: அத்தை, போன்... அவர்தான்.

மாமியார்: எடுக்காதே.

மருமகள்: ஏன்?

மாமியார்: இருக்கிற குழப்பம் போதாதா? அவன் வேற வந்து ஆட்டைக் கழுதையாக்குவான்... எடுத்துட்டியா? எடுத்துட்டா. சொன்ன பேச்சு என்னிக்குக் கேட்டிருக்கே?

மகன்: ஹலோ... என்ன ஆச்சு? என்ன சொன்னே நீ உள்ள?

மருமகள்: இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். அத்தையும் இருக்காங்க.

மகன்: அம்மா, என்னம்மா சொல்லிக் குடுத்தே இவளுக்கு? ஒவ்வொண்ணுக்கும் அந்த ஆள் இவ சொன்ன பதிலைச் சொல்லி "நிச்சயமாத் தெரியுமா, நிச்சயமாத் தெரியுமா"ன்னு என்னையே கேட்டு வேர்க்க வச்சுட்டான். நான் பாலா குடிக்கிறேன்?

மாமியார்: குடிக்கலையா பின்னே?

மகன்: கடுங்காப்பிதானேம்மா! போன வாரம்கூட நீதானே திட்டினே, வெறும் வயித்துல குடிச்சா குடல் வெந்துடும்னு?

மாமியார்: நானா? திட்டியிருப்பேன்... உன்னைத் திட்டறது ஒண்ணா ரெண்டா? மறதிப்பா. வயசாகுதில்ல.

மகன்: விளக்கு எரிஞ்சா கண்ணை மூட முடியாம துண்டைப் போட்டுக்கிட்டுப் படுக்கறவன் நான்...

மாமியார்: சின்னப் பிள்ளையில அப்படி இல்லை.

மகன்: சின்னப் பிள்ளைக்கா விசா கேக்கறோம்? ஞாயித்துக்கிழமையானா கூட வேலை பார்க்கிற நாலு பேருக்கு நான்தான் சமைக்கிறேன். ரூம்ல நாய் இருக்கு, என் காலடியிலதான் தூங்குது. அதையெல்லாம் விடு. கண்ணாடி போடுவாரான்னு கேட்டதுக்கு, போடமாட்டார்னு சொன்னியாமே நீ?

மருமகள்: ம்... சொன்னேன்.

மகன்: கண்ணாடிக் கடையில வேலை பார்த்துக்கிட்டு, புருஷன் கண்ணாடி போடறதில்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கே!

மருமகள்: அது... பதட்டத்துல...

மகன்: நீ அனுப்பின கண்ணாடிதானே மூஞ்சியில இருக்கு? வீடியோவுல என் மூக்கை அளந்து, ஃபிரேம் தேர்ந்தெடுத்து, நீயேதானே லென்ஸ் மாட்டி அனுப்பினே?

மாமியார்: என்னது? இவளா?

மருமகள்: என்னங்க, நீங்க வேலையில இல்லையா இப்ப? அங்க என்ன சத்தம்?

மகன்: லிஃப்ட் மேல நிக்கிறேன். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு, அதைத்தான் சரி பண்ண வந்திருக்கோம். கூட இருக்கிறவன் கயித்தைப் பிடிச்சிருக்கான். சீக்கிரம் சொல்றேன், கேட்டுக்கோ.

மாமியார்: ஐயோ, முதல்ல கீழ இறங்குடா! அங்க நின்னுக்கிட்டா போன் பேசுவாங்க?

மகன்: பெல்ட் போட்டிருக்கேம்மா. ஏய், நீ கேளு, உன்னைப் பத்தியும் என்கிட்ட கேட்டாங்க. எல்லாத்துக்கும் சரியாத்தான் சொல்லியிருக்கேன்.

மருமகள்: என்ன கேட்டாங்க?

மகன்: கோபம் வந்தா என்ன பண்ணுவான்னு கேட்டாங்க. வாயே திறக்க மாட்டா, லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்துக்கிட்டு வீட்டுல இருக்கிற ஜன்னல் கண்ணாடியெல்லாம் துடைச்சுக்கிட்டே இருப்பான்னேன்.

மருமகள்: அது... நான் உங்ககிட்ட சொன்னதே இல்லையே?

மகன்: நீ எங்க சொல்றே? அம்மாதான் சொல்வாங்க. நீ கடைக்குக் கிளம்பினதும் எனக்கு ஒரு போன் வரும். தோசைக்கல்லு சூடாகறதுக்குள்ள நீ ரெண்டு தரம் தண்ணி குடிப்பேங்கறது வரைக்கும் எனக்குத் தெரியும். உன் பேச்சைத் தவிர எங்களுக்கு வேற பேச்சே கிடையாது.

மருமகள்: அத்தை... நிஜமாவா?

மாமியார்: வேற எதைப் பேசறது? பக்கத்து வீட்டுக்காரி கதையா?

மகன்: ஏய், கேக்குதா? ரெண்டு பேர் இருக்கிற மாதிரி ரூம் எடுத்து மூணு மாசம் ஆச்சு. எதுத்தாப்புல ஒரு காலி நாற்காலியை வச்சுக்கிட்டுத் தினம் சாப்பிடறேன். முடியலை. இதுக்கு மேல எனக்குத் தாங்காது. வந்துடு.

மருமகள்: நீங்க முதல்ல பத்திரமா இறங்குங்க. மூணு மணிக்கு நான் பார்த்துக்கறேன்.

மகன்: சரியாச் சொல்லுவியா?

மருமகள்: சொல்றேன். வைக்கிறேன்.

மாமியார்: வச்சாச்சா? இங்க திரும்பு. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. கண்ணாடி அனுப்பினது நீ.

மருமகள்: ஆமா.

மாமியார்: அப்போ அவன் கண்ணாடி போடறது உனக்குத் தெரியும்.

மருமகள்: தெரியும்.

மாமியார்: கடுங்காப்பி?

மருமகள்: தெரியும். நாய் பேரு கூடத் தெரியும்.

மாமியார்: அடிப் பாதகத்தி! எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நான் சொன்னதை அப்படியே கிளிப்பிள்ளையாட்டம் ஒப்பிச்சுட்டு வந்தியா? ஏண்டி?

மருமகள்: தெரியலை அத்தை.

மாமியார்: தெரியலைன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே? சொல்லு!

மருமகள்: பயமா இருந்துச்சு. மூணு வாரம் பார்த்த மனுஷன். தெரியாத ஊர். இங்க எனக்குக் கடை இருக்கு, வேலை இருக்கு... நீங்க இருக்கீங்க. சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டறப்ப உங்க மிஷின் சத்தம் கேக்கும். அது இல்லாத வீட்டுக்குப் போகணுமேன்னு நெனச்சா அழுகை வந்துடும். போகமாட்டேன்னு நானே சொன்னா அவர் மனசு ஒடைஞ்சுடும். உங்களுக்கும் கெட்ட பேரு. அவங்களே வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டா... யார் மேலயும் பழி இல்லை பாருங்க. திட்டுங்க என்னை.

மாமியார்: என்னத்தைத் திட்ட? உள்ள போய் இப்ப என்ன சொல்லப் போறே?

மருமகள்: உள்ளதைச் சொல்லப் போறேன். கடுங்காப்பி, நாய், கண்ணாடி... எல்லாத்தையும். முதல்ல பயத்துல உளறிட்டேன்னும் சொல்லிடறேன்.

மாமியார்: அப்போ போறதுன்னு முடிவு பண்ணிட்டே.

மருமகள்: பண்ணிட்டேன் அத்தை. அங்கேயும் என்னைத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதுவும் உங்களாலதான்.

மாமியார்: ஆமா, என்னாலதான்! என் வாயை ஊசி போட்டுத் தச்சிருக்கணும்.

மருமகள்: கண்ணைத் துடைங்க. எல்லாரும் பார்க்கிறாங்க.

மாமியார்: பார்த்தா பார்க்கட்டும். ஓசியிலதானே பார்க்கிறாங்க.

மருமகள்: மணி மூணாயிடுச்சு. வாட்ச்மேன் கை காட்டறார்... என்னைத்தான் கூப்பிடறாங்க போல. போனைப் பிடிங்க, உள்ள விட மாட்டாங்க.

மாமியார்: குடு. முந்தானையைச் சரி பண்ணு. தலையைத் தூக்கிப் பேசு. எழுதறானேன்னு பயப்படாதே, எழுதத்தான் அவனுக்குத் தெரியும்.

மருமகள்: அத்தை... ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். உங்க மேல எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. பெத்தவங்களுக்குப் பிள்ளை எப்பவும் பால் குடிக்கிற பிள்ளைதான். ஏதோ பழைய ஞாபகத்துல தப்பும் தவறுமா சொல்லிக் குடுத்துட்டீங்க. வீட்டுக்குப் போய் மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. மறதி யாருக்குத்தான் இல்லை?

மாமியார்: நில்லுடி. எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம், நீயே வச்சுக்கோ. ஒண்ணு ரெண்டு தப்பா வந்தா அது மறதி. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒண்ணு விடாம தப்பாச் சொல்லிக் குடுக்கணும்னா... ஒண்ணு விடாம சரியாத் தெரிஞ்சிருக்கணும்டி.