ஞாயிற்றுக்கிழமை கார் சத்தம்

திருச்சி பஸ் கீரனூரைத் தாண்டியபோது, எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்த தம்பியிடம் சொன்னார்: “அந்தக் காரு ஓட்டுறதுக்கு இல்லடா. ஒங்க மச்சான் கேக்குறதுக்கு.”

“மச்சான் படுக்கையில விழுந்து ரெண்டு வருசமாச்சுக்கா. காருக்கு அடியில கோழிதான் அடையுது. நல்ல ஆளு வெலைக்குக் கேக்குறாரு, குடுத்துரலாம்.”

“எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனா ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறதுக்கு முன்ன நாந்தான் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். கட்டில்ல கெடந்துக்கிட்டே, ‘மெதுவா மிதி, ஒங்கப்பன் வீட்டு வண்டியா’ம்பாரு.”

தம்பி சிரித்தார். “நம்மப்பாவ இழுக்காம மச்சானுக்குப் பொழுது விடியாது.”

அக்கா சிரிக்கவில்லை.

“போன வாரமும் ஸ்டார்ட் பண்ணேன். ஒண்ணுஞ் சொல்லல. வேணும்னே நல்லா மிதிச்சேன், அப்பவும் அவருகிட்டருந்து சத்தமில்ல. உள்ள போனா, ‘வாசல்ல கார் சத்தம் கேக்குதே, யாரு வந்திருக்கா’ங்குறாரு.”

கண்டக்டர் எங்களைத் தாண்டிப் பின்னால் போனார்.

“அந்த ஆள வரச் சொல்லு,” என்றார் அக்கா. “ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி எடுத்துக்கிட்டுப் போயிரட்டும்.”