ஏழாம் எண் அறையை வரைந்தவன்

தாமதமாய் வந்த என்னைத் தயவோடு பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களே! கல்லோடும் கம்பியோடும் காலமெல்லாம் போராடிக் கை காய்த்துப்போன மூத்த கட்டுநர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! கணினித் திரையில் கட்டடம் எழுப்பும் இளைய தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

'கட்டடக் கலையில் செயற்கை நுண்ணறிவின் சாதனை' என்று எனக்குத் தலைப்புத் தந்தீர்கள். கைதட்டி அழைத்தீர்கள். ஆனால் நான் சொல்ல வந்திருப்பது தலைகுனிந்து சொல்லவேண்டிய கதை. பொறுத்தருளுங்கள்.

மூன்றாண்டுகளுக்கு முன், அறுபது கட்டில் கொண்ட பிரசவ மருத்துவமனைக்கு வரைபடம் போடும் வாய்ப்பு வந்தது. அந்த வாரமே அதன் தலைமைச் செவிலியர் என் அலுவலகம் தேடி வந்தார். கட்டைக் குரல், கறார்ப் பேச்சு.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். குழந்தை தவறிப்போன அம்மாக்களுக்கு ஒரு ரூம் தள்ளிப் போடுங்க. மத்த குழந்தைங்க அழுற சத்தம் அங்க கேக்கவே கூடாது."

"போட்டுடலாம் சிஸ்டர்" என்றேன். குறிப்பேட்டில் எழுதினேன். குறிப்பேட்டைப் பையில் வைத்தேன். பையை மூடினேன்.

பிறகு செயற்கை நுண்ணறிவின் முன் அமர்ந்தேன். எத்தனை கட்டில் என்று கேட்டது; சொன்னேன். எத்தனை செவிலியர் என்று கேட்டது, சொன்னேன். எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் காற்று என்று கேட்டது, சொன்னேன். ஒரே காலையில் நானூறு வரைபடங்களை அடுக்கியது! மயங்கினேன், ஐயா, மயங்கினேன். செவிலியர் நடக்கும் தூரம் எதில் மிகக் குறைவோ அதைத் தேர்ந்தெடுத்தேன். சிஸ்டர் சொன்னதை மட்டும் அதனிடம் சொல்லவே இல்லை.

என்ன ஐயா? இயந்திரத்தின்மேல் பழி போடுகிறேன் என்கிறீர்களா? இல்லை, பின்வரிசை நண்பரே! காதால் கேட்டவன் நான். என் பைக்குள் கிடந்ததை அது எப்படி அறியும்?

கட்டடம் எழுந்தது. கண்ணாடி மின்னியது. பாராட்டு குவிந்தது. திறப்பு விழா முடிந்த நான்காம் மாதம் சிஸ்டரிடமிருந்து அழைப்பு.

"வேற ஒண்ணும் வேணாம் சார். ஒரு மணி நேரம் வந்து ஏழாம் நம்பர் ரூம்ல உக்காருங்க."

போனேன். வெளியே நல்ல மழை. கட்டிலில் ஓர் இளம்பெண். கழுத்துவரை கம்பளி, உடலெல்லாம் நடுக்கம். தலைக்கு மேலே மின்விசிறியோ முழு வேகத்தில்!

"குளிருதேம்மா, ஃபேனை நிறுத்தட்டுமா?"

"வேணாம் அண்ணா. நிறுத்தினா அந்தப் பக்கம் அழுறது கேக்குது."

சுவருக்கு அப்பால் பச்சிளம் குழந்தைகளின் கூடம். நடக்கும் தூரம் குறையவேண்டுமென்று நான் தேர்ந்தெடுத்த சுவர்! வாசலில் நின்ற சிஸ்டர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தச் சத்தம் கேட்டா அவளுக்குப் பால் சுரக்குது சார். குடிக்கத்தான் யாருமில்ல."

தாய்மார்களே, அந்த நொடியில் நான் எங்கே போய் ஒளிவேன்?

"என்னை மன்னிச்சிடும்மா. இந்த ரூமை இங்க வச்சது நான்தான்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்ல அண்ணா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கோழை!

மறுநாள் சிஸ்டர் சொன்னதை அப்படியே கணினியில் எழுதினேன். ஒரே ஒரு வரி! ஒரு நிமிடத்துக்குள் அந்த அறையைத் தோட்டத்துப் பக்கம், கடைசிக் கோடியில் கொண்டுபோய் வைத்துக் காட்டியது. ஒரு வரிதான் குறைந்திருந்தது, நண்பர்களே! சுவரை இடித்தோம், அறையை மாற்றினோம். அதற்குள் அவள் வீடு திரும்பிவிட்டாள். எந்த ஊர், எந்தத் தெரு, அறியேன்.

இளைய தோழர்களே! இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்களைத் தேடி வந்தவர் சொன்ன வார்த்தையை முதலில் எழுதுங்கள். முழுதாய் எழுதுங்கள். அதன் பிறகு எண்களை எழுதுங்கள்.

அன்று விழுங்கிய விடையை இன்று இந்த அவையில் சொல்கிறேன்: எனக்குத் தெரியும், தங்கையே. தெரிந்துதான் இருந்தது.

கைதட்டாமல் கேட்டீர்களே, அதற்கு என் நன்றி. வணக்கம்.