உப்புத் தெரியாத சூப்

மீன் சாஸைக் காய்ந்த சட்டியில் நேராக ஊற்றக் கூடாது, சார்ஜென்ட். வீடே நாறிவிடும். இந்த டவுன்ஸ்வில் புழுக்கத்தில் அந்த வாடை திரைச்சீலையை விட்டு லேசில் போகாது. ஆரம்பத்தில் எனக்கு இதெல்லாம் தெரியவில்லை.

என் கணவர் லிண்ட்சே எப்படி இறந்தார் என்றுதானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவருக்கு இதயம் பலவீனம். உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உப்பு சேர்ந்தால் உடம்பில் நீர் தங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும். மற்றபடி மனிதர் தெம்பாகவே இருந்தார். அதுதான் எனக்குச் சிக்கலாகப் போயிற்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தாய்லாந்தில் குடியேறிவிட்ட பழைய சிநேகிதன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கடலோரமாக ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டார்.

"ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. நீயும் வாயேன் நோலீன். அந்தச் சாப்பாட்டுக்கே ஆயுசு கூடும்" என்றார்.

"சாப்பாடுதான் வேணும்னா நான் இங்கயே செஞ்சு போடறேன்."

"நீயா? வெந்நீர் வெச்சாலே உனக்கு அடிபிடிக்குமேடி" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஆறு மாதம் என்று போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. வேற்றூரில் போய் வாழ எனக்கும் மனமில்லை. அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்கறி விற்கும் பிரானீ தாய்லாந்துக்காரி. எலுமிச்சம்புல்லைத் தட்டிப் போடவும் சித்தரத்தையை மெல்லிசாக அரியவும் அவள்தான் சொல்லித் தந்தாள். ஒருமுறை சூப்பில் மீன் சாஸ் கூடிப்போய் உப்புக் கரிக்கிறது என்று அவளிடம் போய் நின்றேன்.

"அதுக்குப் போயி யாராவது கொட்டுவாங்களாக்கா? கொஞ்சம் பனைவெல்லம் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, நாலு மிளகாய நசுக்கிப் போடுங்க. உப்பு எங்க போச்சுன்னே தெரியாது."

அவள்மேல் குற்றமில்லை. லிண்ட்சேயின் இதயத்தைப் பற்றி நான் அவளிடம் மூச்சுவிடவில்லை.

கூடிப்போன அந்தச் சூப்பைக் கொட்ட மனசு வராமல் அவருக்கே கொடுத்தேன். மறுநாள் கால் வீங்கியது. அந்த வாரம் கிளம்பவிருந்த தாய்லாந்துப் பயணத்தை ரத்து செய்தார். அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்பது அழுது முடித்த பிறகுதான் புரிந்தது. அவர் மறுபடி டிக்கெட் போட்டபோது மீன் சாஸை நானே கூட்டினேன். நாள் நெருங்க நெருங்க இன்னும் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸிடம் பெருமையடிப்பார். "என் பொண்டாட்டி ஒரு சிட்டிக உப்பு போடாம இந்த ருசி கொண்டுவரா. நீங்கல்லாம் இவகிட்ட கத்துக்கணும்மா." அன்று மாலையும் சூப் வைத்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே சப்பென்ற சாப்பாடு. சில நாளிலேயே வீக்கம் வற்றி முகம் தெளிந்துவிட்டது. இப்படியே இருந்தால் அடுத்த மாதம் விமானம் ஏறலாம் என்றார் டாக்டர். லிண்ட்சே என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

"திரும்பி வரப்ப உனக்கு நல்ல கல்லுரல் ஒண்ணு தூக்கிட்டு வரேன் கிழவி. அந்த மர உரல்ல இடிச்சு இடிச்சு உன் கை ஓஞ்சுபோச்சு."

வீட்டுக்குப் போய்ச் சூப் வைத்தேன். அன்று மீன் சாஸை அளந்து ஊற்றவில்லை. வெல்லமும் எலுமிச்சையும் அதற்கேற்றபடி நிறையப் போட்டேன். ஃபிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதுதாண்டி சாப்பாடு" என்று சொட்டு விடாமல் குடித்தார். மாலைக்குள் மூச்சு திணறிற்று. நர்ஸுகள் ஓடி வந்தார்கள். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான் என்றேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். மறுக்கவில்லை. ஆனால் மூச்சு நிற்கும் வரை என் கையை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னை விட்டுப் போக மனமில்லாதவர்தான் அப்படிப் பிடிப்பார்.