ராட்டினத்துக்கு எதிரே ஓர் அறை

மனைவி: ...ராட்டினத்துக்கு நேர் எதிர்ல ரூம் இருந்தா அதையே போடும்மா. ஜன்னலைத் திறந்தா அது சுத்தறது தெரியணும். நடுவுல பெரிய கடிகாரம் எரியுமாமே.

டிராவல்ஸ் பெண்: இருக்கும்மா. துறைமுகத்தைப் பாத்த மாதிரி அறை. ரெண்டு நாள் போடவா?

மனைவி: மூணு போடு.

எஞ்சினியர்: எதுக்கு மூணு? அங்க என்ன இருக்கு... கப்பலும் கிரேனும். ஏம்மா, அதே ஜப்பான்ல மலைப்பக்கம் வெந்நீர் ஊற்றுன்னு ஏதோ சொன்னியே, அதைக் காட்டு.

மனைவி: வெந்நீர் வீட்டுக் குழாய்லயே வருது. நீங்க சும்மா இருங்க.

டிராவல்ஸ் பெண்: சார் ஏற்கெனவே அந்த ஊருக்குப் போயிருக்காரா?

மனைவி: போயிருக்காராவா... இருபத்தேழு வருஷம் சரக்குக் கப்பல்ல எஞ்சினியர். அந்தத் துறைமுகத்துக்கு மட்டும் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் நாலு பக்கம் லெட்டர். உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாத சந்து கூட இவருக்குத் தெரியும்.

டிராவல்ஸ் பெண்: அப்ப கைடு வேண்டாம். சாரே போதும்.

எஞ்சினியர்: இல்ல, இல்ல... கைடு இருக்கட்டும்.

மனைவி: கைடு எதுக்கு? பக்கத்துல கைடையே வச்சுக்கிட்டு. எழுதிக்கோம்மா. முதல் நாள் காலைல மீன் சந்தை. அப்புறம் சீனாக்காரங்க தெரு. கப்பலை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தா அந்தத் தெருவோட வாசல் வளைவு வந்துடும். உள்ள போனா மூணாவது கடைல ஆவி பறக்கப் பறக்க பன் விக்கறவரு ஒருத்தரு. இவரைப் பாத்தாலே கையைத் தூக்கிக் கும்பிடுவாராம்.

எஞ்சினியர்: அதெல்லாம் முப்பது வருஷத்துக் கதை. அந்த ஆளு இப்ப இருக்கானோ இல்லையோ.

டிராவல்ஸ் பெண்: ஒரு நிமிஷம் சார். உங்க கப்பல் எந்த மேடைல கட்டுவாங்க? சரக்குக் கப்பல் எல்லாம் இதோ, இந்த மூலைலன்னு படத்துல இருக்கு. இங்கேருந்து அந்தத் தெருவுக்குக் கார்லயே ரொம்ப நேரமாகும் போலிருக்கே.

எஞ்சினியர்: அப்போ வேற இடத்துல கட்டுவாங்க.

டிராவல்ஸ் பெண்: ஊருக்குள்ள இருக்கறது பயணிக் கப்பல் மேடை சார்...

எஞ்சினியர்: அப்போ வேற இடம்னு சொல்றேன்ல.

டிராவல்ஸ் பெண்: சரி சார்... நான் விசா ஃபாரம் பிரிண்ட் எடுத்துட்டு வரேன். மெஷின் பக்கத்து ரூம்ல இருக்கு. கொஞ்சம் அடம் புடிக்கும். உக்காந்திருங்க.

மனைவி: சின்னப் பொண்ணுகிட்ட எதுக்கு அப்படி எரிஞ்சு விழறீங்க?

எஞ்சினியர்: எரிஞ்சு விழல.

மனைவி: வேர்க்குது உங்களுக்கு. ஏசி காத்து நேரா மூஞ்சிலதான் அடிக்குது.

எஞ்சினியர்: வேற ஊருக்குப் போலாமே. எங்க வேணா சொல்லு. ஒரு வாரம் வேணும்னாலும் இருப்போம்.

மனைவி: எனக்கு அந்த ஊருதான் வேணும். கல்யாணமான நாள்லேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.

எஞ்சினியர்: கேட்டது நிஜம்தான்...

மனைவி: அடுத்த வருஷம்னீங்க. அப்புறம் பொண்ணு படிப்புன்னீங்க. அப்புறம் உங்க முட்டி. இப்ப வெந்நீர் ஊற்று.

எஞ்சினியர்: நான் அந்த ஊரைப் பாத்ததில்ல. காதுல விழுந்துச்சா?

மனைவி: விழுந்துச்சு. சொல்லுங்க.

எஞ்சினியர்: பதினோரு தடவை போனேன். ஒரு தடவை கூட இறங்கல. கடல்ல ஓடற வரைக்கும் எஞ்சினை நிறுத்த முடியாது. கரைல கட்டினாத்தான் அது நிக்கும். நின்னாத்தான் பிஸ்டனைக் கழட்டிப் பாக்க முடியும். மேல இருக்கறவங்க தலை வாரிக்கிட்டு ஊருக்குள்ள போவாங்க. நாங்க உள்ள இறங்குவோம். திரும்ப மாட்டி முடிக்கறதுக்குள்ள சங்கு ஊதிடுவாங்க. ராட்டினத்தோட வெளிச்சம் தெரியுதுன்னு மேலேருந்து யாராவது வந்து சொல்லுவாங்க. அதைக் கூட நான் ஏறிப் பாத்ததில்ல.

மனைவி: அப்போ அந்த லெட்டரெல்லாம்...

எஞ்சினியர்: முதல் தடவை கிளம்பினப்போ நீ சொன்னே. எனக்கும் சேத்து நீங்க பாத்துட்டு வாங்கன்னு. கிரீஸையும் ஸ்பேனரையும் தவிர ஒண்ணும் பாக்கலன்னு உனக்கு எப்படி எழுதறது? கப்பல் சமையக்காரர் காய் வாங்க ஊருக்குள்ள போவார். வந்ததும் அவர்கிட்ட உக்காந்து கேட்டு...

மனைவி: அப்படியே எழுதிட்டீங்க.

எஞ்சினியர்: அப்படியே எழுதிட்டேன்.

மனைவி: அதான் முள்ளங்கி.

எஞ்சினியர்: என்ன முள்ளங்கி?

மனைவி: இங்க முள்ளங்கி என் முழங்கை நீளம், கீரை கட்டு கட்டா ஈரம் காயாம இருக்கு, மீனோட செவுளைத் தூக்கிப் பாத்தா ரத்தச் செவப்புன்னு எழுதியிருந்தீங்க. வீட்ல வெங்காயம் எது பூண்டு எதுன்னு தெரியாத மனுஷன். எந்த எஞ்சினியர் பொண்டாட்டிக்கு மீன் செவுளைப் பத்தி எழுதுவான்?

எஞ்சினியர்: உனக்கு... அப்பவே சந்தேகமா?

மனைவி: சந்தேகம் இல்ல. சமையக்காரர் சம்சாரம் ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தா. ஒரே கப்பல், ஒரே தபால், ஒரே நாள்ல வரும். ஒரு நாள் அவ லெட்டரைக் கொண்டு வந்து படிச்சுக் காமிச்சா. அதே முள்ளங்கி. அதே பன் கடைக்காரர். அவ வீட்டுக்காரரைப் பாத்தும் கையைத் தூக்கிக் கும்பிட்டிருக்கார்.

எஞ்சினியர்: அடக்கடவுளே.

மனைவி: என் லெட்டரை நான் அவகிட்ட காட்டல. தலைகாணிக்கு அடியில வச்சுட்டேன். உங்க வீட்ல என்ன எழுதியிருக்காருன்னு கேட்டா. சௌக்கியம்னு எழுதியிருக்காருன்னுட்டேன்.

எஞ்சினியர்: தெரிஞ்சும் அடுத்த லெட்டர்ல அப்புறம் என்ன பாத்தீங்கன்னு கேட்டியே.

மனைவி: நாப்பது டிகிரி சூட்டுல நின்னுட்டு வந்து, கையைக் கழுவிட்டு, எனக்காக உக்காந்து நாலு பக்கம் எழுதறீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்? அந்தப் பொய் எனக்குப் புடிச்சுது.

எஞ்சினியர்: அது மட்டும்னா பரவாயில்ல. இன்னொண்ணு இருக்கு.

மனைவி: வேண்டாம் விடுங்க. அந்தப் பொண்ணு வந்துடும்.

எஞ்சினியர்: இன்னிக்கு விட்டா நான் எப்பவும் சொல்லமாட்டேன். ஒரு வருஷம் அந்த ஊருக்குப் போறப்போ கம்பெனில சம்சாரங்களையும் கப்பல்ல கூட்டிட்டு வரலாம்னாங்க. ஞாபகம் இருக்கா?

மனைவி: ரத்தாயிடுச்சுன்னு எழுதினீங்க.

எஞ்சினியர்: ஆகல. கேப்டன் பேர் கேட்டு எழுதினார். அவளுக்குக் கடல் ஒத்துக்காது, வரமாட்டான்னு நான்தான் சொன்னேன். நீ வந்தா முதல் நாளே கேப்பே, எங்க அந்தப் பன் கடைன்னு. எந்தத் தெருவுல கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்?

மனைவி: எத்தனை நாள் பயணம் அது?

எஞ்சினியர்: நாப்பது நாள். மத்த சம்சாரங்க எல்லாம் மேல்தளத்துல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. சமையக்காரர் சம்சாரம் அடுப்படில அவருக்குக் காய் நறுக்கிக் குடுத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருப்பா. ஷிஃப்ட் முடிஞ்சாலும் எனக்கு மேல ஏறவே புடிக்கல. நாலு பக்கம் பொய்யைக் காப்பாத்தறதுக்காக நாப்பது நாளைத் தொலைச்சுட்டேன்... உனக்கு அப்போ வயசு முப்பத்தொண்ணு. இப்போ ஏர்போர்ட்ல சக்கர நாற்காலி கேட்டு எழுதிக் குடுத்திருக்கோம்.

மனைவி: சக்கர நாற்காலி உங்களுக்கு. நான் நடப்பேன்.

எஞ்சினியர்: திட்டிடேன். ரெண்டு வார்த்தை திட்டிட்டாலாவது...

டிராவல்ஸ் பெண்: சாரி சார், பேப்பர் சிக்கிக்கிச்சு. சாரோடது நிரப்பிட்டேன். அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி. இதுக்கு முன்னாடி ஜப்பான் விசா எப்பவாவது வாங்கியிருக்கீங்களா?

எஞ்சினியர்: அவளுக்கு இதுதான் முதல் தடவை. இல்லைன்னு போடு.

டிராவல்ஸ் பெண்: சரி சார். பழைய பாஸ்போர்ட் இருந்தா குடுங்கம்மா, அதையும் சேத்து வைக்கணும்.

மனைவி: புதுசு மட்டும் போதாதா?

டிராவல்ஸ் பெண்: இல்லம்மா, கேப்பாங்க.

மனைவி: ...இந்தா.

டிராவல்ஸ் பெண்: சார், இல்லைன்னா போடச் சொன்னீங்க? இதுல விசா ஒட்டியிருக்கே. ஜப்பானோடதுதான். முப்பது வருஷம் ஆச்சு. உள்ள போன முத்திரை மட்டும் எங்கயும் இல்ல.

எஞ்சினியர்: இது... இது எப்போ வாங்கினே?

டிராவல்ஸ் பெண்: அப்போ ஆமான்னு திருத்தவா அம்மா?

மனைவி: திருத்தும்மா... கம்பெனி ஆபீஸ்லேருந்து ஃபாரம் நேரா வீட்டுக்கே வந்துச்சுங்க. உங்ககிட்ட மூச்சு விடாம எல்லாம் முடிச்சு, கப்பல் ஏணில வந்து நிக்கலாம்னு பெட்டி கூட கட்டி வச்சிருந்தேன். ரத்துன்னு உங்க லெட்டர் வந்துச்சு. சமையக்காரர் சம்சாரம் மட்டும் பெட்டி கட்டிக்கிட்டு இருந்தா. ஆபீஸுக்குப் போன் பண்ணினா, ரத்தெல்லாம் இல்லம்மா, உங்க வீட்டுக்காரர்தான் நீங்க வரலைன்னுட்டார்னாங்க. ஏன்னு எனக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சு. எல்லாம் தெரியும், ரெண்டு பேருமா புதுசா பாத்துக்கலாம்னு நான் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா போதும், அந்த நாப்பது நாளும் நமக்குக் கிடைச்சிருக்கும். நீங்களா சொல்லட்டும்னு வீம்பா இருந்துட்டேன்.