ஆறுகம்பி அண்ணனின் காலி முறை

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் நண்பர்களே! பேஸ் கிட்டார்க்காரனைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். குழுவில் எப்போதும் பின்னால் நிற்கிறவன் நான்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ் கிட்டார் மேதை, எங்கள் ஆறுகம்பி அண்ணன் மறைந்துவிட்டார்! பகலில் லிஃப்டுகளைப் பழுதுபார்த்தார். மாலையில் எங்களைப் பழுதுபார்த்தார். ஒருநாள், யாரும் அழைக்காமலே ஒரு லிஃப்ட் வந்து, திறந்து, யாரும் ஏறாமலே மூடிக்கொண்டது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஓடியிருப்போம்! அவரோ அங்கேயே உட்கார்ந்து மெட்டுப் போட்டார். அதுதான் ‘காலி லிஃப்ட்’.

அதில் மெட்டு முடிந்ததும், அந்த நிமிடம் மனதில் தோன்றுவதை ஒவ்வொருவராக வாசிப்போம். கடைசி முறை அண்ணனுடையது. எவ்வளவு நேரம் வாசிப்பார்? அவருக்கே தெரியாது! தாடையைத் தூக்கினால் முடித்துவிட்டார் என்று அர்த்தம். உடனே எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவோம்.

அவரை வழியனுப்பிய மறுவாரம் பயிற்சிக்குக் கூடினோம். மரியாதைக்காக அவர் முறையில், மெட்டின் நீளத்துக்கு ஒரு சுற்று மட்டும் காலியாக விடுவதாகப் பேச்சு. சுற்று முடிந்தது; யாரும் மெட்டுக்குத் திரும்பவில்லை. அவருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதைப் போலவே மெல்ல வாசித்துக்கொண்டே இருந்தோம். திடீரென்று மூவரும் ஒரே நொடியில் மெட்டுக்குள் நுழைந்தோம்!

“நீதானே சைகை காட்டின?” என்றார் பியானோ அக்கா.

“நானா? நான் அண்ணன் நாற்காலியத்தான் பாத்துட்டிருந்தேன்,” என்றான் டிரம்ஸ் தம்பி.

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது! மறுநாளும் காலியாக விட்டோம். அதற்கு மறுநாளும் விட்டோம். நாளுக்கு நாள் அவர் முறை நீண்டுகொண்டே போனது.

இதை அண்ணியிடம் ஆசையாகப் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“வாசிக்க இடம் குடுத்தா அந்த மனுஷன் எந்திரிச்சுப் போகமாட்டாரே, உனக்குத் தெரியாதா? கடைசில எவ்ளோ களைச்சுப் போயிருந்தாரு! பாவம்ப்பா, போக விடுங்க.”

நாங்கள் அவரைக் கௌரவித்தோமா? கட்டிப் போட்டோமா?

சபையோரே! இன்று இங்கே ‘காலி லிஃப்ட்’ வாசிக்கப் போகிறோம். அவர் முறையை இனி காலியாக விடமாட்டோம்; அதில் நான் வாசிப்பேன். தப்பு வரும், ஆனாலும் வாசிப்பேன். அந்தத் தாடை உயர்வது என் கண்ணில் பட்டாலும் நிறுத்தமாட்டேன். உங்கள் முன்னால் நான் எடுக்கும் உறுதி இது!

அண்ணா, கிளம்புங்கள். மீதியை நாங்கள் வாசித்துக்கொள்கிறோம்.