நம்பர் எழுதாத பட்டியல்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் சுரேஷ்கண்ணன் சாரின் மனைவி தங்கச்சி அனுசுயா, மாணவப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பைத் தாண்டாத லேப் அட்டெண்டர் பொன்னுராஜை இந்த இரங்கல் கூட்டத்தில் மைக் முன்னால் நிறுத்திவிட்டீர்கள். நான் வாய் திறந்தாலே சிரிப்பீர்கள். இன்று எனக்கே சிரிப்பு வரவில்லை.

நம் சிஸ்டம் அட்மின் சுரேஷ்கண்ணன் சார் முப்பத்து நான்கு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பதினோரே நாள். என்ன அவசரம் சார் உங்களுக்கு? டீக்குக் கூப்பிட்டால் முக்கால் மணி நேரம் கழித்து வருகிற ஆள்தானே நீங்கள்!

நம் லினக்ஸ் சர்வரில் ஆயிரத்து இருநூறு பேருக்குக் கணக்கு. சர்வர் ஃபைலில் இருந்து பெயரை வெட்டி எடுப்பார். யார் படிக்கிறார், யார் நின்றுவிட்டார் என்பதை ஆபீஸ் பட்டியலில் இருந்து வெட்டி எடுப்பார். இரண்டையும் வரிசைப்படுத்திச் சேர்ப்பார். ஷெல் ஸ்கிரிப்ட் என்று அவர் எழுதி வைத்த ஆறு வரிக் கட்டளை, நின்றவர்களின் கணக்கை அழிப்பது வரை கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

"இதுக்குச் சம்பளம் வேற தாராகளா சார்?" என்பேன்.

"உங்க வாய்க்கே தாராகல்ல அண்ணே" என்பார்.

போன வருடம் ஆபீஸ் பட்டியலை டைப் அடித்தவன் நான். பதிவெண் பத்து இலக்கம். விரல் வலித்தது, விட்டுவிட்டேன். நம்பர் எங்கே என்று சார் கேட்டார்.

"ஊரு பூராவும் எனக்குத் தெரியும் சார். பேரே போதும்" என்றேன்.

நம்பினார். குலசாமி பெயரை வைக்கிற ஊர்களில் ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கும்! படிப்பை நிறுத்தியது மார்க்கையன்கோட்டை ராமுத்தாய். ஸ்கிரிப்ட் இரண்டு ராமுத்தாய்க்கும் 'நின்றுவிட்டார்' என்று ஒட்டியது. இரண்டு கணக்கும் அழிந்தன. பொட்டிப்புரம் ராமுத்தாயின் நான்கு மாத ப்ராஜெக்ட்டும் அதோடு போனது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் பாழ்.

விசாரணையில் சார் என் பெயரைச் சொல்லவே இல்லை. பட்டியலைச் சரிபார்க்காதது தன் தப்பு என்றார். மெமோ கொடுத்தார்கள். பதவி உயர்வு நின்றது. நான் கதவுக்கு வெளியே டீ டம்ளரோடு நின்றிருந்தேன். இந்த வாய் அன்று திறக்கவில்லை.

வெளியே வந்தவர், "உங்களுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக அண்ணே. பேசாம இருங்க" என்றார். அன்றே ஸ்கிரிப்ட்டைப் பதிவெண்ணை வைத்துச் சேர்க்கும்படி மாற்றினார்.

கடைசி வரிசையில் பொட்டிப்புரம் ராமுத்தாய் இருக்கிறாள். ஆத்தா, உன் வருடத்தைத் தின்றது அவர் இல்லை, நான்.

இனி நம்பர் இல்லாத ஒரு வரிகூட என் கையைத் தாண்டாது. இது அவருக்கு நான் தரும் வாக்கு. தாளாளர் ஐயா, அந்த மெமோவில் அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதுங்கள். இந்த மேடையிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.