ஒரு வேளையும் தவறாதவள்

எனக்குக் கைராசி என்பார்கள், சார். மருத்துவமனையில் மருந்து கொடுக்க வேறு ஜன்னல்கள் இருந்தாலும் எச்.ஐ.வி. நோயாளிகளின் வரிசை என் ஜன்னலில்தான் நீளும். "விட்டு விட்டுச் சாப்பிட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்று திட்டிக்கொண்டேதான் கொடுப்பேன். திட்டு வாங்கவே வருகிறோம் என்று சிரிப்பார்கள்.

என் தம்பிக்கும் அதே நோய். அவன் மட்டும் கேட்கவில்லை. கல்லுளிமங்கன். மாத்திரையை இஷ்டத்துக்கு விட்டான். கடைசியில் எந்த மருந்துக்கும் கிருமி மசியவில்லை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, எலும்பும் தோலுமாகக் கிடந்தான்.

அப்போதுதான் எங்களிடம் ஒரு புதிய மருந்தின் சோதனை வந்தது. பழைய மருந்துகள் பலிக்காமல் போனவர்களுக்கு மட்டும். அப்படிப்பட்டவர்கள் போதுமான அளவு இல்லை. "ஆள் சேரலைன்னா சோதனை வேற ஊருக்குப் போயிடும்மா" என்றார் டாக்டர். பேருந்தில் எல்லோரும் பார்க்க அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

பிறகு நிதானமாக யோசித்தேன். நோயாளிகள் சேர்த்துச் சாப்பிடும் மூன்று மருந்தில் இரண்டை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் சத்து மாத்திரை வைத்தால், மிச்சமிருக்கும் ஒன்றைக் கிருமி வென்றுவிடும். அப்புறம் அடுத்தது. இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் கிருமியைப் பழக்கினேன். அந்த ஒரு மருந்து உடம்பில் விடாமல் இருந்தால்தான் கிருமி சீக்கிரம் பழகும்; ஏனோதானோவென்று சாப்பிடுகிறவர்கள் இதற்கு உதவ மாட்டார்கள். ஒரு வேளையும் விடாதவர்களாகப் பார்த்துத்தான் எடுத்தேன். அவர்கள்மேல் எனக்கு என்ன விரோதம்? எல்லோருக்கும் புதிய மருந்து கிடைக்கத்தானே போகிறது.

ஆள் சேர்ந்தது. தம்பி பிழைத்தான். இப்போது மாடிப்படி ஏறுகிறான், என்னோடு சண்டைகூடப் போடுகிறான்.

நான் எடுத்தவர்களில், தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு மட்டும் புதிய மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. ஈரல் கெட்டது, நிறுத்திவிட்டார்கள். பழைய மருந்துகளும் இனி அவளுக்குப் பலிக்காது. வேலை முடிந்ததும் தினமும் போய் அவள் கட்டிலருகே உட்காருவேன். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அவ்வளவு தலைப்பாடா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் எங்கயோ ஒரு வேளை விட்டுட்டேன் போல. மன்னிச்சிடுங்கக்கா."

அவள் விட்டதே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சாகப்போகிறவள் மனம் ஆற வேண்டாமா? மன்னித்துவிட்டேன் என்றேன்.

வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, சார். உண்மையாகவே மன்னித்துவிட்டேன்.